பட்டர்ஃபிளை நீந்தினால் வலது தோள் வலிக்கிறது: போட்டி வரை தாக்குப்பிடிக்க வழி உண்டா?

கயல்200 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்துச் சேர்ந்தவள். இரண்டு கையையும் ஒன்றாக வீசி நீந்தும் பட்டர்ஃபிளையில் 200 மீட்டர்தான் என் போட்டி. ஓர் அணியினர் ஒருவர்பின் ஒருவராக நீந்தும் தொடர் நீச்சலில் ஆள் குறைந்தால் அதிலும் இறக்கிவிடுவார்கள்.

கோடை விடுமுறை முடிந்து வந்ததிலிருந்து வலது தோளின் முன்பக்கத்தில் ஒரு வலி. முதலில் பயிற்சியின் கடைசி அரைமணி நேரத்தில் மட்டும் தலைகாட்டியது. இப்போது வார்ம்-அப் முடிவதற்குள்ளேயே வந்துவிடுகிறது. கை தண்ணீருக்குள் நுழைந்து, தண்ணீரைப் பிடித்து இழுக்கத் தொடங்கும் இடத்தில் சுருக்கென்று குத்துகிறது. கரையேறிய பிறகும் விடுவதில்லை. பின்னல் போடக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை, அறைத்தோழிதான் பின்னிவிடுகிறாள். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் விழித்துக்கொள்கிறேன்.

பயிற்சியாளரிடம் சொன்னேன். "பட்டர்ஃபிளை நீந்துகிறவளுக்குத் தோள் வலிக்காமல் பல்லா வலிக்கும்?" என்று கேட்டுவிட்டு அடுத்த செட்டுக்கு விசில் ஊதினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் காலத்தில் அவரிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். வாரத்தில் ஆறு நாள் காலையில் இரண்டு மணி நேரம், மூன்று நாள் மாலையில் இரண்டு மணி நேரம் குளத்தில் இருக்கிறோம். மொத்தம் சுமார் 40 கிலோமீட்டர் வரும். மற்ற மாலைகளில் ஜிம். பள்ளியில் இதில் பாதிகூட நீந்தியதில்லை; போன வருடம் பல நாள் காய்ச்சலில் போனதால், முழுச் சுமை இந்த வருடம்தான் ஏறியது.

சீனியர் அக்காக்கள் பயிற்சிக்கு முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. அதுவரை மாத்திரையில் ஓட்டலாமா? தோளில் ஊசி போட்டால் உடனே சரியாகிவிடும் என்கிறார்கள், உண்மையா? எம்.ஆர்.ஐ. எடுக்க அப்பாவிடம் பணம் கேட்கலாமா, வேண்டாமா? முழு ஓய்வு எடுத்தால் என் இடம் போய்விடுமோ என்பதுதான் பெரிய பயம். கட்டணச் சலுகை, விடுதி எல்லாம் நீச்சலை நம்பித்தான் இருக்கின்றன.

இன்னொன்று. என் அறைத்தோழி டைவர். 3 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஸ்பிரிங்போர்டு என்ற துள்ளும் பலகையிலிருந்து தண்ணீரில் குதிப்பவள். இரண்டு மணிக்கட்டும் வலிக்கிறது என்கிறாள். போன வாரம் குட்டிக்கரணம் பாதியில் கலைந்து, தண்ணீரில் பக்கவாட்டில் தட்டையாக விழுந்தாள். அதிலிருந்து ஒரு காது அடைத்தாற்போல் இருக்கிறதாம், தலையும் பாரமாக இருக்கிறதாம். அவள் யாரிடமும் கேட்கமாட்டாள். அவளுக்கும் சேர்த்து நானே கேட்கிறேன்.

பழைய நீச்சல்காரன் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். தொண்ணூறுகளில் எங்கள் பல்கலைக்கழகத்துக்காகப் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் நீந்தியவன். பயிற்சியில் கைப் பேடில் கட்டுகிறீர்கள் என்றால், முதலில் அவற்றைத் தூக்கிப் பரண்மேல் போடுங்கள். எங்கள் அணியில் தோளைக் கெடுத்துக்கொண்ட அத்தனை பேரும் பேடில் கட்டி நீந்தியவர்கள்தான். அகலமான பிளாஸ்டிக் தட்டு. அது இழுக்கிற தண்ணீரின் எடை முழுக்கத் தோளில்தானே விழும்?

ஒரு மாதம் தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள். வெந்நீர் ஒத்தடம், நல்லெண்ணெய் தேய்ப்பு. மாத்திரை வேண்டவே வேண்டாம். எனக்குத் தோள் தப்பியது, முழங்கால் மாட்டிக்கொண்டது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக் உதையில் கால் வெளிப்பக்கம் சுழன்று வீசும்போது முழங்காலின் உட்பக்கத் தசைநார்தான் இழுபடும். இன்றைக்கும் படி இறங்கும்போது ஞாபகப்படுத்துகிறது.

திருச்சி பிசியோ எழுதியது:

கயல், தலை பின்ன முடியவில்லை, அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடுமையான செட்டுக்குப் பிறகு எல்லாருக்கும் வந்து மறுநாள் போகிற உடல்வலி அல்ல இது. விளையாட்டுக் காயம் பார்த்துப் பழகிய ஒருவர் நேரில் கை வைத்துப் பார்க்க வேண்டும். கை மரத்துப்போகிறது, மூட்டு நழுவித் திரும்ப உட்காருவது போல் இருக்கிறது, சும்மா படுத்திருந்தாலே இரவெல்லாம் வலிக்கிறது என்றால் இந்தத் திரியை மூடிவிட்டு எலும்பு மருத்துவரிடம் போ.

மற்றபடி, நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் நீச்சல்காரர்களுக்கு வரும் வழக்கமான தோள் பிரச்சினைதான். 1974-இலேயே கென்னடி, ஹாக்கின்ஸ் என்ற இரு மருத்துவர்கள் இதற்கு 'நீச்சல்வீரர் தோள்' என்று பெயர் வைத்து எழுதிவிட்டார்கள். தோள்மூட்டுக்கு இடுப்பைப் போல ஆழமான குழி கிடையாது. அகல் விளக்கின்மேல் எலுமிச்சம்பழத்தை வைத்தது போலத்தான் மேற்கை எலும்பின் தலை உட்கார்ந்திருக்கிறது. அதை நடுவில் பிடித்து வைப்பது சுற்றியுள்ள சிறிய தசைகள். அவை களைத்துவிட்டால் எலும்பின் தலை மேலேறும். மேலே உள்ள குறுகிய இடைவெளியில் தசைநார் நசுங்கும். பட்டர்ஃபிளையில் இது மோசம். ஃப்ரீஸ்டைலில் உடல் பக்கவாட்டில் உருண்டு தோளுக்கு இடம் கொடுக்கும். பட்டர்ஃபிளையில் இரண்டு கையும் ஒன்றாகப் போவதால் அந்த வசதி இல்லை.

கணக்கையும் பார்த்துவிடு. 40 கிலோமீட்டர் என்றால் 50 மீட்டர் குளத்தில் 800 நீளம். ஒரு நீளத்துக்கு ஒரு கைக்கு 20 வீச்சு என்று வைத்தாலும் வாரத்துக்கு ஒரு தோள் 16,000 முறை சுழல்கிறது. ஆஸ்திரேலியாவில் முன்னணி நீச்சல் வீரர்களை ஆராய்ந்து 2010-இல் ஒரு கட்டுரை வந்தது. 80 பேரில் பத்துக்கு ஒன்பது பேருக்குத் தோள் வலி. 52 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஏறத்தாழ 70 சதவீதத்தினருக்குத் தோளின் மேல்பக்கத் தசைநார் கெட்டிருந்தது. வாரத்துக்கு 15 மணி நேரத்துக்கு மேல், அல்லது 35 கிலோமீட்டருக்கு மேல் நீந்தியவர்களிடம் அது கூடுதல். நீ இரண்டு கோட்டையும் தாண்டி நிற்கிறாய்.

எம்.ஆர்.ஐ. கேள்விக்கும் அந்தக் கட்டுரையிலேயே பதில் இருக்கிறது. உன் தோளைப் படம் எடுத்தால் ஏதாவது ஒன்று தெரியத்தான் போகிறது. அதைப் பார்த்து வீட்டில் எல்லாரும் பயப்படுவார்கள், சிகிச்சை மட்டும் பெரும்பாலும் மாறாது. முறையான பயிற்சிக்குப் பிறகும் குறையாவிட்டால், அல்லது பரிசோதிப்பவர் கிழிசல் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டால் எடு. அதற்கு முன் அப்பாவின் பணத்தை ஸ்கேன் மையத்தில் கொட்டாதே.

பழைய நீச்சல்காரன் அண்ணா சொன்ன பேடில் விஷயம் சரி. முழு ஓய்வில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஒரு மாதம் கரையில் உட்கார்ந்தால் வலி போகும், கூடவே தோளின் பலமும் போகும். திரும்பி வந்த முதல் வாரத்தில் அதே 40 கிலோமீட்டரைக் கொடுத்தால் பழையபடி வலி. சுமையைத்தான் குறைக்க வேண்டும். இப்போதைக்குப் பட்டர்ஃபிளை முழுவதும் நிறுத்தம். தூரத்தைப் பாதியாக்கு. காலுதை செட்டுகளைக் கூட்டிக்கொள், ஆனால் கிக்போர்டு இல்லாமல். கையை நீட்டிப் பலகையைப் பிடித்துக்கொண்டு உதைக்கும்போது வலிக்கிற அதே நிலையில்தான் தோள் மாட்டிக்கொள்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. 'கைக்கு ஓய்வு' என்று பலகையைக் கொடுத்துவிடுகிறார்கள். மல்லாந்து படுத்து, கையை உடலோடு ஒட்டி வைத்து உதை. நீந்தும்போது வலிக்குப் பயந்து கை வீச்சு மாறினால் அன்றைக்கு அத்தோடு நிறுத்து.

குளக்கரையில் செய்வீர்களே, ஒருவர் உட்கார, தோழி பின்னால் நின்று இரண்டு கையையும் பின்னுக்கு இழுத்து முழங்கைகளை ஒட்ட வைப்பது? அதை இன்றே விட்டுவிடு. எந்தக் குளத்துக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. நீச்சல்காரர்களின் தோள்மூட்டு முன்பக்கம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். அதையே மேலும் இழுத்து என்ன சாதிக்கிறோம்? இறுகிக் கிடப்பது மார்புத் தசையும், கைபேசியைப் பார்த்துக் கூனிய மேல்முதுகும்தான். சுருட்டிய துண்டை முதுகெலும்பை ஒட்டி நீளவாக்கில் வைத்து மல்லாந்து படு, கைகளை இரண்டு பக்கமும் தளர விடு. அது போதும்.

பலப்படுத்த வேண்டியது தோள்பட்டை எலும்பைப் பிடித்திருக்கும் தசைகளையும் கையை வெளிப்பக்கம் சுழற்றும் தசைகளையும். ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் இழு. அதைவிட மெதுவாகத் திரும்ப விடு. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு கைக்குட்டையை வைத்துக்கொள். அது விழுந்தால் நீ ஏமாற்றுகிறாய் என்று பொருள். தண்டால் எடுக்கும் நிலையில் கைகளை மடக்காமல், முதுகை மட்டும் மேலே தள்ளும் பயிற்சியும் செய். ஜிம்மில் டிப்ஸ் (இரு கம்பிகளில் கையூன்றி உடலை இறக்கி ஏற்றுவது), தலைக்குமேல் எடை தூக்குவது இரண்டும் வேண்டாம். அயோவா பல்கலைக்கழக நீச்சல் அணியை 2002 முதல் 2007 வரை கவனித்த ஆய்வில், காயங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடைப் பயிற்சி போன்ற குளத்துக்கு வெளியே நடப்பவற்றில் வந்தவை. அதிகம் காயப்பட்டவர்கள் முதலாமாண்டு மாணவர்கள். பள்ளிச் சுமையிலிருந்து கல்லூரிச் சுமைக்கு ஒரே தாவலாகத் தாவுகிறார்கள். உனக்கு அந்தத் தாவல் ஒரு வருடம் தள்ளி வந்திருக்கிறது.

மாத்திரை: மருத்துவர் சில நாளுக்கு எழுதிக் கொடுத்தால் சாப்பிடு. வலியை மறைத்துக்கொண்டு நீந்துவதற்காகப் பயிற்சிக்கு முன்னால் போடாதே. விடிகாலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டு, தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காமல் இரண்டு மணி நேரம் உழைத்தால் இரைப்பையும் சிறுநீரகமும்தான் விலை கொடுக்கும். ஊசி: அவர்கள் சொல்வது ஸ்டீராய்டு ஊசியாகத்தான் இருக்கும். வலி அடங்கலாம், ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் தசைநார் பலவீனமாகும். அது மட்டுமல்ல, 2022 ஜனவரி முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி, இந்த வகை ஸ்டீராய்டை உடலில் எந்த இடத்தில் ஊசியாகப் போட்டாலும் போட்டிக் காலத்தில் தடை. பெரிய போட்டிகளில் சிறுநீர் மாதிரி கேட்பார்கள். 'தோள் வலிக்குப் போட்டது' என்று அங்கே சொல்லித் தப்பிக்க முடியாது.

கடைசியாக உன் இடம். பயிற்சியாளரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. மருத்துவரிடமோ பிசியோவிடமோ கடிதம் வாங்கு. எதைச் செய்யக்கூடாது என்பதோடு எதைச் செய்யலாம் என்பதும் அதில் இருக்கட்டும். 'ஓய்வு தேவை' என்று மட்டும் எழுதிய கடிதத்தைப் பார்த்தால் கல்லூரிக்காரர்களுக்குக் கை நடுங்கும். உடற்கல்வி இயக்குநரிடம் நேரில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள். பயிற்சி வருகைப் பதிவேட்டில் உன் பெயர் ஒரு நாளும் விடுபட வேண்டாம். குளத்துக்குப் போய்க் காலுதைப் பயிற்சியாவது செய்.

டைவிங் தோழி பற்றி எனக்குக் கவலை கூடுதல். காது அடைப்பு, தலைபாரம் இரண்டையும் அவள் ஒன்றாகச் சொல்லியிருக்கிறாள். மருத்துவர் பார்க்கும்வரை குளத்தில் இறங்கவே கூடாது.

டெக்சாஸ் அம்மா எழுதியது:

பிசியோ அம்மா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். என் மகன் இங்கே ஒரு கல்லூரியில் டைவிங் அணியில் இருக்கிறான். நான் மருத்துவர் இல்லை, கேலரியில் உட்கார்ந்து நகம் கடிப்பவள்.

டைவிங்கில் தண்ணீர் மெத்தை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 10 மீட்டர் மேடையிலிருந்து குதிப்பவர் தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். தலைக்கு முன்னால் போவது கைதான். ஒரு கை மற்றதைப் பற்றிக்கொள்ள, உள்ளங்கையைத் தட்டையாக விரித்துத் தண்ணீரில் ஓட்டை போடுகிறார்கள். அப்படிச் செய்தால்தான் தெறிப்பு வராது, மதிப்பெண் வரும். மணிக்கட்டு பின்னால் மடங்கிய நிலையில் அந்த அடியை ஒவ்வொரு முறையும் வாங்குகிறது. இவன் பயிற்சிக்குப் போகுமுன் மணிக்கட்டில் டேப் சுற்றுவதைப் பார்க்க வேண்டும். பல்லால் கடித்துக் கிழித்து, விரல்களை மடக்கிப் பார்த்து, இறுக்கம் பிடிக்காவிட்டால் அவிழ்த்து மறுபடி சுற்றுவான். வலி கூடினால் கைமுதலாக விழும் டைவ்களைக் குறைத்துவிட்டு, கால்முதலாகக் குதிப்பதும் தரையில் டிராம்போலின் பயிற்சியுமாக நாளை ஓட்டுகிறார்கள்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் 2009–2014 காயப் பதிவுகளை ஆராய்ந்ததில், ஒருத்தி ஒரு பயிற்சியிலோ போட்டியிலோ இறங்குவதை ஒரு முறை என்று எண்ணினால், பெண்களில் ஆயிரம் முறைக்கு நீச்சலில் 1.71 காயம், டைவிங்கில் 2.49. அணி ஒன்றுதான், நீச்சலுடை ஒன்றுதான், ஆனால் டைவர்களின் உடம்பு வாங்குவது வேறு வகை அடி.

தலைபாரத்துக்கு வருகிறேன். பலகையில் தலை இடித்தால்தான் மூளை அதிர்ச்சி என்று நினைக்காதீர்கள். தண்ணீரில் தட்டையாக விழுந்தாலே வரும். இவனுக்கு ஒருமுறை வந்தது. அன்றைக்கு மேடையேற விடவில்லை. பிறகு முதலில் நிலைச் சைக்கிள், அப்புறம் தரைப்பயிற்சி, அப்புறம் குளத்தின் விளிம்பிலிருந்து கால்முதலாக, அதன்பிறகே 1 மீட்டர், 3 மீட்டர். ஒவ்வொரு படியிலும் தலைவலி திரும்பினால் ஒரு படி கீழே. சுழற்சியில் திசை தெரியாமல் போனால் அடுத்து இடிப்பது பலகையாக இருக்கலாம். 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்க டைவர் கிரெக் லூகானிஸ் ஸ்பிரிங்போர்டில் தலை இடித்தும் தங்கம் வென்ற கதையை எல்லாரும் சொல்வார்கள். 1983-இல் எட்மன்டனில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டில், சோவியத் டைவர் செர்கெய் ஷாலிபாஷ்விலி 10 மீட்டர் மேடையில் தலை மோதிச் சில நாள்களில் இறந்ததை யாரும் சொல்வதில்லை. அவரும் உங்களைப் போன்ற பல்கலைக்கழக வயதுப் பிள்ளைதான்.

இங்கே காயம்பட்டவர் இறங்கலாமா கூடாதா என்பதை மருத்துவக் குழுதான் முடிவு செய்யும், பயிற்சியாளர் மீற முடியாது. வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி என்றும் விதி உண்டு. 'விருப்பப் பயிற்சி' என்ற பெயரில் அதற்கு மேலும் போகிறது என்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். இவ்வளவு ஏற்பாடு இருந்தும் பிள்ளைகள் வலியை மறைக்கத்தான் செய்கிறார்கள். வெளியூர்ப் போட்டிக்குப் போகும் பட்டியலில் பெயர் விட்டுப்போகுமே என்ற பயம். உங்களுக்குக் கல்லூரி இடம், இவர்களுக்குப் பஸ்ஸில் ஓர் இருக்கை.

கயல்200 எழுதியது:

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். தோழியை அன்றே காது மருத்துவரிடம் இழுத்துப் போனேன். செவிப்பறையில் சிறிய ஓட்டை. தானாக மூடிக்கொள்ளும், அதுவரை காதுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக்கூடாது என்றார். குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சை வைத்துக்கொள்கிறாள். தலைபாரத்துக்குத் தனியாக ஒரு மருத்துவர் பார்த்து, படிப்பையும் கைபேசியையும் குறைக்கச் சொல்லியிருக்கிறார். கைபேசிக்காகத்தான் அழுகிறாள்.

என் தோளைப் பார்த்த பிசியோ, இரண்டு கையையும் மேலே தூக்கி மெதுவாக இறக்கச் சொல்லி, பின்னாலிருந்து வீடியோ எடுத்துக் காட்டினார். இடப்பக்கம் தோள்பட்டை எலும்பு முதுகோடு ஒட்டி வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. வலப்பக்கம் பாதி வழியில் அதன் ஓரம் தோலைத் தள்ளிக்கொண்டு துருத்துகிறது. என் முதுகில் இப்படி ஒன்று நடப்பதே எனக்குத் தெரியாது. கிழிசல் அறிகுறி இல்லை, எம்.ஆர்.ஐ. இப்போது வேண்டாம் என்றார்.

கடிதத்தை உடற்கல்வி இயக்குநர் இரண்டு முறை படித்தார். "இதை எழுதித் தர இத்தனை நாளா?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார். பயிற்சிக்கு வந்துகொண்டிருக்கும்வரை சலுகையில் கைவைக்க மாட்டோம் என்றும் எழுதிக் கொடுத்தார். பயிற்சியாளர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஓரத்து லேனில் எனக்கு மட்டும் தனி அட்டவணை எழுதி ஒட்டியிருந்தார்.

பிசியோ அக்கா, ஒரு கேள்வி. 200 பட்டர்ஃபிளையை விட்டுவிட்டேன். ஃப்ரீஸ்டைல் தொடர் நீச்சலில் 100 மீட்டர் மட்டும் இறங்கச் சொல்கிறார்கள். இறங்கலாமா?

திருச்சி பிசியோ எழுதியது:

போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் பயிற்சியிலேயே 100 மீட்டரைப் போட்டி வேகத்தில் ஒருமுறை நீந்திப் பார். வலிக்குப் பயந்து கை வீச்சு மாறக்கூடாது, அன்றிரவு தூக்கம் கெடக்கூடாது, மறுநாள் காலையில் தோள் முந்தைய நாளைப் போலவே இருக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் உன் பிசியோவிடம் சொல்லிவிட்டு இறங்கு. ஒன்று தவறினாலும் மாற்று ஆளின் பெயரைக் கொடுக்கச் சொல். போட்டி நடக்கும் இடத்தில் வார்ம்-அப் குளம் கூட்டமாக இருக்கும், கை வீச இடம் கிடைக்காது. ரப்பர் பட்டையைப் பையிலேயே வைத்துக்கொள். கை தண்ணீரில் நுழையும்போது தலைக்கு நேர் எதிரே குறுக்காகப் போகிறதா, தோளுக்கு நேராகப் போகிறதா என்று யாரையாவது முன்னால் நின்று வீடியோ எடுக்கச் சொல். குறுக்கே போனால் இப்போதே திருத்திக்கொள்ள வேண்டும், வலி போன பிறகு அதை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

பழைய நீச்சல்காரன் அண்ணா, உங்கள் முழங்காலுக்குத் தனித் திரி தொடங்குங்கள். உட்பக்கம் வலிக்கிறதா, முட்டிச் சில்லுக்குக் கீழேயா, வீக்கம் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள்.